ராஜ்தூத் ஜிடிஎஸ் 175: இன்ஜினைப் பிரித்துக் கட்டிய அனுபவம் (பெங்களூரு)

அல்சூரிலிருந்து:

பழைய குட்டி வண்டிகளை எடுத்துக் கட்டியவர்கள் அனுபவத்தைப் பகிரச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது ராஜ்தூத் ஜிடிஎஸ் 175. 1973-ல் வந்த ‘பாபி’ இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டியது இந்த வண்டியைத்தான். அதற்குப் பிறகு இதற்கு ஊரெல்லாம் ‘பாபி’ என்றே பெயராகிவிட்டது. சின்னச் சக்கரம், சின்ன டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார். உள்ளே இருப்பது மட்டும் பெரிய ராஜ்தூத்தின் அதே 173 சிசி டூஸ்ட்ரோக் இன்ஜின். போலந்து நாட்டு எஸ்ஹெச்எல் எம்11 வண்டியின் வழியில் வந்த இன்ஜின் அது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்தது.

இந்த விஷயம் பழுது பார்ப்பவருக்கு ரொம்ப முக்கியம். பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, ஆயில் சீல் எல்லாம் சாதாரண ராஜ்தூத்துடையதே பொருந்தும், தேடினால் கிடைத்துவிடும். டேங்க், மட்கார்டு, சீட் போன்ற வெளிச் சாமான்கள்தான் கிடைக்காது. அதனால் வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட, வெளிச் சாமான்கள் அசலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓடாத இன்ஜினை ஓட வைக்கலாம். காணாமல் போன டேங்குக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

பெங்களூரில் பழைய டூஸ்ட்ரோக் என்றாலே ஜாவாவும் யெஸ்டியும்தான். ஐடியல் ஜாவா தொழிற்சாலை பக்கத்திலேயே மைசூரில் 1996 வரை ஓடியதால், அந்த வண்டிகளுக்குக் கை பழகிய மெக்கானிக்குகள் இங்கே நிறையப் பேர். ராஜ்தூத் என்று சொன்னால் பாதிப் பேர் “ஆகல்ல சார்” (முடியாது சார்) என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள்.

வண்டி எனக்குக் கிடைத்தது மர்பி டவுனில். எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் டூல்ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வைத்திருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். எம்ஒய் என்று தொடங்கும் பழைய மைசூர் மாநில எண், ஆர்சி புத்தகம், முழு வெளிச் சாமான்கள் எல்லாம் இருந்தன. ஓட்டாமல் ஏன் போட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஸ்லோ நிக்கல தம்பி. சூடானா தானா ரேஸ் ஆகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்காது. பட்டறைக்காரன் போர் பண்ணான், திரும்பவும் போர் பண்ணான், கார்புரேட்டரை மாத்தினான். வியாதி ஒண்ணு, வைத்தியம் வேற” என்றார். ஸ்லோ என்பது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம். போர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது.

இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைப்பது இருக்கிறது. பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் அறை ஆயில் நிற்கும் இடம், அவ்வளவுதான். டூஸ்ட்ரோக்கில் அந்த அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறையில் வெற்றிடம் உண்டாகிறது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற துளை வழியாக மேலே சிலிண்டருக்குப் போகிறது. ஆக, கிராங்க் அறையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் இன்ஜினின் பாதி வேலை கெட்டுப்போகும்.

கிராங்க் தண்டு வெளியே வரும் இரண்டு பக்கமும் காற்றையும் ஆயிலையும் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்க ஆயில் சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், இன்ஜின் தானாக வேகம் எடுக்கும், பிளக் வெளுத்துப்போகும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். புகை நிற்காமல் வரும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலேயே கியர் ஆயில் அளவு குறையும். இந்த இரண்டு நோய்க்கும் போர் மருந்து இல்லை. ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கை வைப்பது போரில்தான்.

பெரியவர் எனக்குக் காட்டிக் கொடுத்த சோதனை இது. வீட்டில் பிபி பார்க்கும் பழைய கருவி இருந்தால் போதும், ரப்பர் பல்பும் வட்டமான மீட்டரும் உள்ளது. சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, அவை சிலிண்டரில் சேரும் வாய்களை அடைத்து, பல்பால் காற்று ஏற்ற வேண்டும். பிபி மீட்டர் 300 வரை காட்டும். டயர் காற்றை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில் அது கிட்டத்தட்ட 6. 250-க்கும் 300-க்கும் நடுவில் நிறுத்திவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். நல்ல இன்ஜினில் முள் சில நிமிடங்களுக்கு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். என் வண்டியில் பல்பிலிருந்து கையை எடுப்பதற்குள் விழுந்துவிட்டது. சோப்புத் தண்ணீரைத் தடவினோம். மேக்னெட் பக்கம் குமிழி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் அறையின் அலுமினியக் கூடு, அதன் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், அடிப்பக்கத்திலும் வரிசையாகக் குமிழி.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்தோம் என்பதைக் கவனியுங்கள். பிரித்துவிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

பிரித்தபோது காரணம் தெரிந்தது. முன்னால் பிரித்த யாரோ இரண்டு பாதிக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருக்கிறார்கள். அலுமினியம் முகத்தில் ஆழமான வடு. அதன் மேல் பேஸ்ட்டை அப்பி மூடியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. கிராங்க் கேஸைப் பிரிக்க நெம்பவே கூடாது. போல்ட் எல்லாவற்றையும் கழற்றியாயிற்றா என்று திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு, பேரிங் இருக்கும் இடத்தைச் சூடேற்றி, புல்லர் போட்டோ ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியோ பிரிக்க வேண்டும். பேரிங் போடும்போதும் அப்படித்தான். கேஸைச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கையாலேயே இறங்கும். சுத்தியலுக்கு வேலையே இல்லை.

வடுவை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பினோம். அப்புறம் தடித்த கண்ணாடி மேல் மெல்லிய எமரி பேப்பரை ஒட்டி, கேஸை அதன் மேல் எட்டுப் போடுவது மாதிரி தேய்த்து முகத்தைச் சமமாக்கினோம். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெல்டிங் மேடு போனதும் நிறுத்தச் சொன்னார். அதிகம் தேய்த்தால் கேஸின் அகலம் குறைந்து கிராங்க் இறுகிவிடும்.

கிராங்க் வேலை கலாசிபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. அங்கே இருந்த அண்ணனும் தமிழ்தான், திருப்பத்தூர். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பெரிய முனையில் மேலும் கீழும் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அது வேண்டியதுதான். இதில் ஆட்டம் இருந்தது. பிரஸ்ஸில் கிராங்க் பின்னைத் தள்ளி, புது ராடு செட் போட்டு, திரும்ப அழுத்தினார். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. லேத்தின் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் கிராங்கை வைத்து, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜில் சுற்றிப் பார்ப்பது, எங்கே தூக்குகிறதோ அங்கே செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடியும் கேஜ். இரண்டு முனையிலும் முள் 0.03 மில்லிமீட்டருக்குள் நிற்கும் வரை அவர் விடவில்லை. “இது சரியில்லைன்னா புது சீல் போட்டும் புண்ணியம் இல்ல சார், ஷாஃப்ட் ஆடி ஆடி சீலைத் தின்னுடும்” என்றார். அந்தக் கடையில் நின்று பார்த்த மாலைப் பொழுதை மறக்க மாட்டேன். அவர் அதற்கு வாங்கிய கூலி ரொம்பக் குறைவு. அந்த மாதிரி கைகளுக்கு நாம் இன்னும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

போர் விஷயம். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் செய்ய வேண்டும். போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். அவற்றை மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். டூஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுற்றாமல் இருக்கப் பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி உண்டு. ரிங்கின் வாய் அந்த ஆணியில் உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளி பார்த்தோம். 61 மில்லிமீட்டர் போருக்குக் கால் மில்லிமீட்டர் என் கணக்கு.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: 6 வோல்ட், பாயிண்ட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.4 மில்லிமீட்டர், புது கண்டென்சர், பிளக். பெயிண்ட் பற்றி எழுதப் போவதில்லை, அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

டேங்க் உள்ளே துரு. சிட்ரிக் ஆசிடை வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க விட்டு, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, டூடி ஆயில் (டூஸ்ட்ரோக் ஆயில்) கலந்த பெட்ரோலால் உள்ளே சுற்றவும் நனைத்துவிட்டேன்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டி செய்த காலத்தில் யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவையும் மெலிந்துவிடும். அதனால் பெட்ரோல் பைப்பை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன், சீல்களையும் வைட்டான் ரகத்தில் கேட்டு வாங்கினேன், மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுகிறேன். முதல் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 50 மில்லி ஆயில், இப்போது 40. பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது.

இன்ஜினை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன் அதே பிபி பல்பை மறுபடியும் மாட்டினோம். முள் நின்றது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இப்ப தூக்கி மாட்டு” என்றார். அதற்கப்புறம் வண்டி கிளம்பியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஸ்லோ நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் இறங்குகிறது.

காகித வேலை: 50 வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, சர்வீஸ், பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்கு மட்டும். ஓட்டுவதற்காகக் கட்டுகிறவர்கள் யோசித்து முடிவெடுங்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து:

அருமையான பதிவு அண்ணா. என்னிடம் இருப்பது ஹோண்டா இசட் 50. ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. 1961-ல் டோக்கியோ அருகே டாமா டெக் பூங்காவில் குழந்தைகள் ஓட்டி விளையாட ஹோண்டா செய்த வண்டியின் வம்சம் இது. 49 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், படுத்த சிலிண்டர். 

எனக்கு ஸ்டார்ட் ஆகாத பிரச்சனை. கம்ப்ரஷன் இல்லை என்றார்கள், இங்கேயும் முதல் பேச்சு போர்தான். ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, வால்வு மூடியிருக்கும்போதே அந்தக் குழிக்குள் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன். சைலன்சர் பக்கத்து ஓட்டை வழியாகக் கசிந்தது. வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, சிவாஜிநகரில் ஒருவர் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தார். சக்ஷன் கப் வைத்த ஒரு குச்சிதான் கருவி. டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். பிஸ்டனைத் தொடவே இல்லை, இப்போது முதல் கிக்கில் எடுக்கிறது. வண்டியை ரோட்டில் எடுப்பதில்லை. ஓசூர் தாண்டி மாமாவின் தோட்டத்தில் என் மகள் ஓட்டுகிறாள்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து:

சார், என்னிடம் பழைய மொபெட் ஒன்று இதே வியாதியோடு நிற்கிறது. பிபி பல்பைச் சைலன்சர் வாயில் எப்படி மாட்டினீர்கள்? விரலால் அடைத்தால் நிற்கவில்லை.

அல்சூரிலிருந்து:

விரல் உதவாது தம்பி. சைலன்சர் வாய்க்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அங்கே உள்ள அதே போல்ட்டுகளால் இறுக்கு. சைலன்சர் நட்டால் மாட்டுகிற வாயாக இருந்தால் ரப்பர் கார்க் போதும். தகட்டுக்கு அடியில் சைக்கிள் ட்யூப் ரப்பரைக் கேஸ்கெட் மாதிரி வெட்டி வை. கார்புரேட்டர் பக்கத்துக்கு இன்னொரு தகடு. அதில் துளை போட்டு, ட்யூப்பின் வால்வை நட்டுடன் மாட்டி, உள்ளே இருக்கும் ஊசியை எடுத்துவிடு. பிபி பல்பின் பைப்பை அதில் செருகிக் கிளிப் போடு. பிளக் மாட்டியே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொள், சைலன்சர் போர்ட்டும், கிராங்க் அறையிலிருந்து மேலே வரும் போர்ட்டும் திறந்திருக்கும், சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒரே நேரத்தில் சோதனை ஆகிவிடும். 300-க்கு மேல் ஏற்றாதே, நல்ல சீலும் மடங்கிவிடும். முள் விழுந்தால் முதலில் உன் தகடுகளைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவு. அங்கே குமிழி இல்லை என்றால்தான் இன்ஜினைச் சந்தேகப்படு. தகடு வெட்ட ஆள் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வா, என்னிடம் மீதி இருக்கிறது.