மூளையின் கொள்ளளவை ஜிபி கணக்கில் கூற முடியுமா?

கேள்வி:
கணினியில் ஒரு தரவு நினைவகத்தின் எந்த முகவரியில் உள்ளது என்பதைச் சுட்டிக்காட்ட முடிகிறது. மனித மூளையிலும் ஒரு முகமோ ஒரு சொல்லோ அவ்வாறு ஓரிடத்தில்தான் பதிந்திருக்கிறதா? மூளையின் கொள்ளளவை ஜிபி கணக்கில் கூறும் கட்டுரைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில் 1:
அந்தக் கணக்குகளை நான் ஏற்பதில்லை. செயலியும் நினைவகமும் தனித்தனியே இருப்பது, 1945-இல் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் எட்வாக் என்ற கணினியைப் பற்றி எழுதிய அறிக்கையின் வழியே பரவிய பொறியியல் அமைப்பு. மூளையில் அத்தகைய பிரிவினை இல்லை. சுமார் 8,600 கோடி நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுவதும் வலுவிழப்பதுமே கற்றலின் அடிப்படை என்பதால், சமிக்ஞையைக் கடத்தும் அதே இணைப்புதான் நினைவையும் தாங்குகிறது. ஒரு முகத்தின் நினைவு எண்ணற்ற இணைப்புகளில் பரவியிருக்க, அவற்றில் பல வேறு நினைவுகளிலும் பங்கேற்கின்றன. ஆகவே இணைப்புக்கு இத்தனை பிட் என்று வைத்துப் பெருக்கிக் கிடைக்கும் எண், வன்தட்டைப் போல நிரப்பக்கூடிய இடத்தைக் குறிப்பதாகாது.

பதில் 2:
இதை ஏற்கிறேன், ஆயினும் மூளையில் இடத்துக்கு முக்கியத்துவமே இல்லை என்று கருதிவிடக் கூடாது. 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் ஹென்றி மோலைசன் என்ற நோயாளியின் மூளையில் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெருமளவு அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்வுகள் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் இளமைக்கால நினைவுகள் பல எஞ்சியிருந்தன. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முன்பு பயின்றதே நினைவில்லாத நிலையிலும் அவர் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். நிகழ்வுகளை நினைவில் பதிப்பதும் கைத்திறனைக் கற்பதும் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சான்றுகள் மிகக் குறைவு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செயலி நொடிக்கு 300 கோடி துடிப்புகளில் இயங்க, நரம்பணுவோ நொடிக்குச் சில நூறு முறைக்கு மேல் பெரும்பாலும் துடிப்பதில்லை. பிறகு எப்படி ஒரு முகத்தைக் கண்டவுடன் அறிகிறோம்?

பதில் 1:
கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் இயங்குவதால்தான். அத்தனைக்கும் மூளை செலவிடும் ஆற்றல் சுமார் 20 வாட் மட்டுமே என்பது எனக்கு இன்றும் பெருவியப்பு. கணினியில் தரவை நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே கொண்டுசெல்வதற்கே பெரும் ஆற்றல் செலவாகிறது. 2014-இல் ஐபிஎம் வெளியிட்ட ட்ரூநார்த் சில்லு, ஒவ்வொரு கணக்கீட்டு அலகின் அருகிலேயே நினைவகத்தை அமைத்து அந்தச் செலவைக் குறைக்க முயன்றது.