ஜீன் பாசிட்டிவ் என்றால் சீலியாக் வந்தே தீருமா?

கயல்விழி:
மூத்தவளுக்கு சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) உறுதியாகிவிட்டது. தம்பிக்கு 5 வயது, தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் ஜீன் டெஸ்டில், சீலியாக்கோடு தொடர்புள்ள டிக்யூ2 ஜீன் பாசிட்டிவ். இப்போதே கோதுமையை நிறுத்திவிடலாமா? பரம்பரை என்கிறார்கள், எங்கள் இரு பக்கமும் யாருக்கும் இல்லையே?

குடல்மொழி:
நிறுத்திடாதீங்க. டிக்யூ2 அல்லது அதே மாதிரியான டிக்யூ8 ஜீன் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கு. நோய் வருவது மொத்த மக்களில் நூற்றில் ஒருவருக்குத்தான். அந்த டெஸ்ட் நெகட்டிவாக வந்தால்தான் பிரயோஜனம், சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய தள்ளிவிடலாம். கூடப்பிறந்தவர் என்பதால் தம்பிக்கு வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று.

"எங்கள் பக்கம் இல்லையே" என்பதற்கு 2016இல் வந்த இந்திய ஆய்வைப் பாருங்க. இந்த ஜீன் வடக்கே 38 சதவீதம், தெற்கே 36. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே வெறும் 0.10. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை அங்கே சராசரி 455 கிராம், இங்கே 25. நாம் சோறு சாப்பிட்டதால் ஜீன் சும்மா கிடந்தது.

நுண்ணோக்கி:
அளவு மட்டுமே காரணமில்லை. பின்லாந்தும் ரஷ்யாவும் சேரும் கரேலியா பகுதியில் எல்லையின் இரு பக்கமும் ஜீன் ஒன்றுபோல; கோதுமையும் ரஷ்யப் பக்கம் குறைவில்லை. இருந்தும் பின்லாந்துப் பக்கம் 107 பிள்ளைகளில் ஒருவருக்கு சீலியாக், ரஷ்யப் பக்கம் 496இல் ஒருவருக்கு. சிறுவயதுத் தொற்றுகள், குடல் கிருமிகள் மேல்தான் சந்தேகம். ஒரே கரு இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவர் தப்புவது உண்டு.

லேப்காரன்:
தம்பிக்குச் செய்ய வேண்டியது: சீலியாக் எதிர்ப்பொருளைப் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ ரத்த டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ (ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் உடம்பில் மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பது). இரண்டாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. மொத்த ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருந்தால் முதல் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். அப்போது ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும். ரத்தம் எடுக்கும்வரை பையன் கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருக்கணும். நிறுத்தி மாசக்கணக்கானால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், பிறகு வாரக்கணக்கில் தினமும் சப்பாத்தி கொடுத்துத்தான் மறுபடி பார்க்கணும். இப்போது நெகட்டிவ் வந்தாலும் பிறகு பாசிட்டிவ் ஆகலாம். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்க.

கயல்விழி:
நன்றி. மூத்தவளுக்குக் கோதுமை நிறுத்தி 8 மாதம், டிடிஜி இன்னும் முழுசாக இறங்கவில்லை.

லேப்காரன்:
இறங்கிக்கொண்டே வந்தால் சரி, ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்க: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கிறார்கள். அடுத்தது மாவு மில். முன்னால் கோதுமை அரைத்த அதே கல்லில் உங்கள் அரிசி விழுந்தால் போச்சு. குளூட்டன் இல்லை என்று விற்க உச்சவரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான்; மில்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி அதைத் தாண்டிவிடும். வீட்டிலேயே மிக்ஸியில் அரையுங்க.