சந்தேகம்: சொந்தப் பட்டறை போடுகிறேன், கையில் 20,000 ரூபாய். எந்தக் கருவிகளை முதலில் வாங்குவது?

செய்யாறு_வண்டி:
அனைவருக்கும் வணக்கம். ஐடிஐ முடித்துவிட்டு ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தேன். தை மாதம் எங்கள் ஊரிலேயே சொந்தமாகத் தொடங்குகிறேன். இதுவரை பிடித்ததெல்லாம் முதலாளியின் கருவிகள்தான். என்னுடையது என்று சொல்ல ஒரு திருப்புளிகூட இல்லை. கருவிகளுக்கென்று ஒதுக்கிய பணம் 20,000 ரூபாய். எங்கள் பக்கம் வருகிற வண்டிகள் ஸ்பிளெண்டர், ஷைன், டிவிஎஸ் எக்ஸ்எல், ஆக்டிவா, சில பல்சர்கள். எப்போதாவது ஒரு புல்லட்டும் வரும்.

மூன்று சந்தேகங்கள். கடைக்காரர் 108 உருப்படிகள் கொண்ட பெட்டி ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் வேறெதுவும் தேவையில்லை என்கிறார். உண்மையா? அடுத்து, டிஸ்க் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூ. முதலாளியின் பட்டறையில் பாதி வண்டிகளுக்கு அதன் தலை மழுங்கித்தான் போகும். அது கையின் குற்றமா, கருவியின் குற்றமா? கடைசியாக, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டுமா? எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பழைய_பட்டறை:
தம்பி, அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 108 என்ற கணக்கில் பெரும்பங்கு சின்னச் சின்னப் பிட்டுகள். ஸ்பிளெண்டரைப் பிரித்துப் பூட்ட அவற்றில் பத்தில் ஒன்றுகூடத் தேவைப்படாது. தினமும் கைக்கு வரும் 10 மிமீ சாக்கெட் அதில் ஒன்றே ஒன்று இருக்கும், அதுதான் முதலில் காணாமல் போகும்.

ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 6 மிமீ போல்ட்டுக்குத் தலை 8 அல்லது 10. 8 மிமீ போல்ட்டுக்கு 12. 10 மிமீ போல்ட்டுக்கு 14. அதற்கு மேல் அச்சு நட்டுகளுக்கும் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் 17, 19 என்று போகும். ஆகவே 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு அளவுகளை நல்ல தரத்தில் உதிரியாக வாங்குங்கள். ஒருபக்கம் ரிங், மறுபக்கம் ஓப்பன் உள்ள ஸ்பேனரில் ஒரு வரிசை, சாக்கெட்டில் ஒரு வரிசை. 10, 12 இரண்டையும் இரட்டிப்பாக. டி ஸ்பேனர் 8, 10, 12 மூன்றும் வேண்டும், பட்டறையில் பாதிப் பொழுது அதிலேயே கழியும்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். ஆறு மூலை உள்ளதை எடுங்கள், பன்னிரண்டு மூலை வேண்டாம். துருப்பிடித்த நட்டில் பன்னிரண்டு மூலை சாக்கெட் முனைகளை மட்டும் பிடித்து இழுக்கும், தலை உருண்டையாகிவிடும். நட்டைத் தொடுகிற கருவிக்குப் பணம் செலவழியுங்கள். சுத்தியல், ஆயில் தட்டு, புனல், பிரஷ் எல்லாம் மலிவானதே போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். அது குழாய்க்காரரின் கருவி.

சேலம்_கார்புரேட்டர்:
ஸ்குரூ பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குற்றம் கையிலும் இல்லை, ஸ்குரூவிலும் இல்லை. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் வருவது ஜிஸ் என்கிற அவர்கள் நாட்டுத் தர அளவுள்ள கூட்டல் குறி. நம் ஹார்டுவேர் கடையில் ஸ்டார் திருப்புளி என்று கொடுப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜிஸ் குழியின் அடிவரை இறங்கி உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கி, குழியைச் சுரண்டிவிடும். பல ஜிஸ் ஸ்குரூக்களின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அடுத்த முறை பாருங்கள். ஆயில் டப்பா மூடி, கார்புரேட்டர் கிண்ணம், சுவிட்ச் பெட்டி மூன்றிலும் இதே கதைதான்.

இரண்டாம் எண் ஜிஸ் திருப்புளி ஒன்று, முதலாம் எண் ஒன்று என்று இரண்டு வாங்கினால் போதும். உள்ளூர்க் கடையில் கிடைக்காது, இணையத்தில் வரவழைக்க வேண்டும். ஜிஸ் முனை பிலிப்ஸ் ஸ்குரூவிலும் ஓரளவு நன்றாகவே உட்காரும் என்பதால் வீண் செலவு இல்லை. இதோடு சுத்தியலால் தட்டுகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று வந்து நின்றால் அதன் இன்ஜின் மூடி ஸ்குரூக்களை வேறெதுவும் அசைக்காது. அந்த வண்டியின் தயாரிப்பு 1996 ஆம் ஆண்டிலேயே நின்றுபோனது. ஆனால் பிள்ளைகள் விடுவதாக இல்லை, உங்கள் ஊருக்கும் ஒன்று வரும். ஆயில் டப்பா மூடியில் மட்டும் இம்பாக்ட் டிரைவரை வைத்து அடித்துவிடாதீர்கள், டப்பா உடையும்.

ரத்தினகிரி_ரேட்சட்:
டார்க் ரெஞ்ச் பற்றி: முப்பது வருடத் தொழில் செய்தவர்களுக்குக் கையே அளவு சொல்லும். தொடக்கத்தில் அந்தப் பணத்தை வேறு கருவியில் போடலாம் என்பது என் கருத்து.

அளவு_முக்கியம்:
அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். முப்பது வருடம் பழகிய கைக்குச் சரி, தம்பி கடை திறப்பதே தை மாதம்தான். அலுமினிய உடலில் பூட்டும் 6 மிமீ போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். நீளமான ரேட்சட்டைப் பிடித்தால் இரண்டு விரலிலேயே அது தாண்டிவிடும். மரை போனால் துளையிட்டு ஹெலிகாயில் எனும் கம்பிச்சுருள் மரையைப் போட வேண்டும், வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் வரும் 10 மிமீ மரையுள்ள ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான், 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். பழைய புல்லட், ஆர்எக்ஸ் போன்றவற்றின் 14 மிமீ பிளக்குக்கு 25 முதல் 30. கை எப்படி இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும்?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதை வாங்குங்கள் தம்பி, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவது. அச்சு நட்டைக் கையால் இறுக்கினால் பெரிய சேதம் வராது. மரை போவதெல்லாம் சின்ன போல்ட்டுகளில்தான். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

ரத்தினகிரி_ரேட்சட்:
சின்ன போல்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஹெலிகாயில் செலவைக் கணக்கில் சேர்த்தால் ரெஞ்ச் மலிவுதான்.

செய்யாறு_வண்டி:
அக்கா, ஜிஸ் திருப்புளி பற்றி ஐடிஐயில்கூட யாரும் சொல்லவில்லை, மிக்க நன்றி. இரண்டு கேள்விகள் மிச்சம். மேக்னெட்டைக் கழற்றும் மேக்னெட் புல்லர், கிளட்ச் நட் சாக்கெட் போன்ற தனிக் கருவிகளை எல்லா வண்டிகளுக்கும் வாங்கி வைக்க வேண்டுமா? எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும்) வண்டிகளுக்குக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் கடை திறந்தால் கேலி செய்வார்களா?

பழைய_பட்டறை:
புல்லருக்கு வண்டிக்கு வண்டி மரை மாறும். எல்லாவற்றையும் வாங்கி மாட்டினால் சுவர் அழகாக இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. உங்கள் தெருவில் அதிகம் ஓடுவது ஸ்பிளெண்டர் என்றால் அதற்குரிய மேக்னெட் புல்லர், கிளட்ச் நட் சாக்கெட், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் கீ, அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் நான்கையும் முதல் நாளே வாங்குங்கள். ஆக்டிவாவுக்கு, கியருக்குப் பதிலாக வேகத்தை மாற்றும் வேரியேட்டரைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் வேண்டும். திருப்புளியைச் செருகி நிறுத்துகிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு, அதில்தான் விசிறியின் இறக்கைகள் உடைகின்றன. மற்றவற்றுக்கு ஒரு விதி: முதல் முறை பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்குங்கள். இரண்டாம் முறையும் இரவல் கேட்க நேர்ந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.

ஃபோர்க் ஆயில் சீலை அடித்து இறக்கும் கருவிக்கு அளவாக அறுத்த பிவிசி குழாய் போதும். வால்வு ஸ்பிரிங் அழுத்தி இப்போதைக்கு வேண்டாம். ஹெட் வேலையை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள்.

புல்லட் வந்தால் முதலில் எந்தக் காலத்து வண்டி என்று கேளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு நட்டுகள் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் உட்கார்ந்ததுபோல் தெரியும், திருப்பினால் முனை போய்விடும். அதற்கு விட்வொர்த் ஸ்பேனர் தேவை. இல்லையென்றால் தெரிந்தவரிடம் அனுப்பிவையுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சேலம்_கார்புரேட்டர்:
ஸ்கேனருக்கு முன்னால் மல்டிமீட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபிறகு ஸ்பிளெண்டர்கூட எஃப்ஐ ஆகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் என் பட்டறைக்கு "எஃப்ஐ கோளாறு" என்று தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் பலவற்றில் பேட்டரிதான் செத்திருக்கும், அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜினை முறுக்கினால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லையா, ரெக்டிஃபையர், சார்ஜிங் காயில் என்று வரிசையாகப் பாருங்கள். இதற்கு எந்த ஸ்கேனரும் வேண்டாம்.

ஸ்கேனர் வாங்கும் நாள் வரும்போது உங்களிடம் அதிகம் வருகிற நிறுவனத்தின் வண்டிகளை அது படிக்குமா என்று கடையிலேயே ஒரு வண்டியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட பட்டியலை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை: கண்ணாடியும் கையுறையும். டிரம் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

புதுப்பேட்டை_வாசி:
சென்னைக்கு வர முடிந்தால் புதுப்பேட்டையில் பழைய கருவிகளைப் பாருங்கள். தேய்ந்த உயர்தர ஸ்பேனர் புதிய மட்டமான ஸ்பேனரை விட மேல். ஓப்பன் ஸ்பேனரின் வாய் விரிந்திருக்கிறதா என்று பார்க்க, கையோடு ஒரு புதிய போல்ட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், ஆடினால் வைத்துவிடுங்கள். ரேட்சட்டும் டார்க் ரெஞ்சும் மட்டும் பழையது வேண்டாம், உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. புதியது வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் போய் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

வாங்கியதும் எல்லாவற்றிலும் ஒரே நிறப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரவல் போனது திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

செய்யாறு_வண்டி:
பெட்டியை வாங்கவில்லை. ஆறு அளவுகளில் ஸ்பேனர், சாக்கெட், டி ஸ்பேனர்கள், 16, 21 பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், சர்கிளிப் பிளேயர், எலன் கீ வரிசை, இம்பாக்ட் டிரைவர், மல்டிமீட்டர், ஸ்பிளெண்டர் கருவிகள் நான்கு, ஆக்டிவா ஹோல்டர் எல்லாம் வந்துவிட்டன. ஜிஸ் திருப்புளியும் சிறிய டார்க் ரெஞ்சும் இணையத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கும் எடுத்து வைத்தது போகக் கொஞ்சம் பணம் மிஞ்சியது. பெஞ்ச் வைஸ் வாங்கலாமா? 4 அங்குலமா, 6 அங்குலமா?

பழைய_பட்டறை:
4 அங்குலம் போதும். மேசையைத் தரையோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் ஷாக் அப்சார்பரைப் பிடித்துத் திருகும்போது மேசையும் சேர்ந்து வரும். தாடையில் வைக்க இரண்டு அலுமினியத் தகடுகளையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.