வேறு நாட்டு போலீஸுக்கு டிஎன்ஏ தகவல் போகலாமா? அங்கிருந்து வரும் ‘மேட்ச்’சை எவ்வளவு நம்பலாம்?

இளவேனில் (கேள்வி)

ஒரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஓடிப்போகிறவனைப் பிடிக்க, நாடுகள் தங்களிடம் உள்ள டிஎன்ஏ தகவலைப் பகிர்ந்துகொள்வது பற்றி எனக்கும் அண்ணனுக்கும் பெரிய வாக்குவாதம். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், எல்லா நாடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்தால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்" என்கிறார். எனக்கு அவ்வளவு சுலபமாக மனசு ஒப்பவில்லை. கைரேகை என்றால் விரலோடு போயிற்று, டிஎன்ஏ என்றால் நோய், குடும்பம், வம்சம் எல்லாம் அதில் இருக்கிறதே. உண்மையில் எல்லை தாண்டிப் போவது என்ன? அங்கிருந்து "இவர்தான் ஆள்" என்று பதில் வந்தால் அது எந்த அளவுக்கு உறுதி? பொத்தாம்பொதுவாக அந்தரங்கம் முக்கியம் என்று மட்டும் எழுதாதீர்கள், அதை அண்ணன் ஒரே நிமிடத்தில் ஊதித் தள்ளிவிடுவார்.

செங்கதிர்

தடயவியல் ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

முழு டிஎன்ஏ எங்கேயும் போவதில்லை. லோகஸ் என்று சொல்லப்படும் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு சின்னத் துண்டு அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, ஆக ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள். உதாரணத்துக்கு, டிஹெச்01 என்ற இடத்தில் 6, 9, விடபிள்யூஏ என்ற இடத்தில் 16, 17, எஃப்ஜிஏ என்ற இடத்தில் 21, 24. இப்படியே கீழே நீளும், கடைசியில் ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு குறி. ப்ரொஃபைல் என்பது இதுதான், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். ஒருவருக்கு சர்க்கரை நோய் வருமா, மனநோய் இருக்கிறதா என்பதையெல்லாம் இந்த எண்களிலிருந்து படித்துவிட முடியாது. ஆனால் குடும்பம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அப்பாவும் மகனும் ஒவ்வொரு லோகஸிலும் ஓர் எண்ணைப் பகிர்ந்துகொள்வார்கள், ஆகவே உறவு தெரிந்துவிடும்.

போகும் விதம் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பாவில் 2005-ல் ஏழு நாடுகள் ஜெர்மனியின் ப்ரூம் நகரில் ஒரு ஒப்பந்தம் போட்டன, 2008-ல் அது ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் சட்டமானது. அதில் பெயர் போகாது. ஒரு நாடு எண்களை மட்டும் அனுப்பும், மற்ற நாட்டின் கணினி "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்லும். இருக்கிறது என்றால்தான் ஆள் யார் என்று தனியாகக் கேட்க வேண்டும். இன்டர்போல் 2002-ல் தொடங்கிய டிஎன்ஏ தளம் வேறு மாதிரி, அங்கே எண்கள் ஒரே இடத்தில் சேமிக்கப்படும், ஆனால் பெயர் இருக்காது, தகவலின் சொந்தக்காரர் அனுப்பிய நாடுதான்.

தாமரைச்செல்வி

நான் உங்கள் அண்ணன் பக்கம், ஆனால் காரணம் வேறு. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் சந்தேகப்படுபவரைப் பற்றியே பேசுகிறார்கள், செத்துப்போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1992-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் கொலையான ஒரு பெண்ணின் உடல் ஆற்றில் கிடைத்தது. கையில் ஒரு பூ பச்சை குத்தியிருந்தது. யார் என்றே தெரியாமல் 31 வருடம் போயிற்று. 2023-ல் இன்டர்போல் படங்களை வெளியிட்ட பிறகுதான் பிரிட்டனில் இருந்த குடும்பம் அந்தப் பச்சையைச் செய்தியில் பார்த்து அடையாளம் சொன்னது. அதுவரை அந்தக் குடும்பம் அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றுதானே நினைத்திருக்கும். ஒரு நாட்டில் காணாமல் போனவர் பட்டியல், பக்கத்து நாட்டில் பெயரில்லாத உடல்கள், இரண்டும் சந்திக்கவே இல்லை. 2021-லிருந்து இன்டர்போலில் ஐ-ஃபமிலியா என்று ஒன்று இருக்கிறது, காணாமல் போனவரின் ரத்த சொந்தங்கள் தரும் டிஎன்ஏவை வைத்து அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிடுகிறார்கள். இதற்கும் எதிர்ப்பு சொல்வீர்களா?

மதிவாணன்

அம்மா, அதற்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. அங்கே குடும்பமே விரும்பி, என்ன நோக்கம் என்று தெரிந்து கொடுக்கிறது. கைதானவரிடம் எடுத்து வைத்துக்கொள்வது அப்படி இல்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதுதான் ஆபத்து.

வழக்கறிஞராக எனக்குப் பயம் அந்தச் சீட்டில் உள்ள எண்களைப் பற்றி அல்ல. மேட்ச் என்று ஒரு சொல் வந்ததும் எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான். 2003-ல் பிரிட்டனின் லிவர்பூல் பகுதியில் பாரில் வேலை பார்த்த ஓர் இளைஞரை இத்தாலியில் நடந்த கொலைக்காகக் கைது செய்தார்கள், காரணம் எல்லை தாண்டி வந்த ஒரு டிஎன்ஏ பொருத்தம். இரண்டாவது பரிசோதனை அவர் இல்லை என்று காட்டிய பிறகுதான் வெளியே வந்தார். பிரிட்டனுக்குள்ளேயே 1999-ல் இன்னொன்று. வீட்டில் நடந்த திருட்டுக்காக, பார்க்கின்சன் நோயால் நடக்கவே சிரமப்பட்ட ஒருவரைப் பிடித்தார்கள், சம்பவ இடம் அவர் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆறு லோகஸ் பொருந்தியது, தற்செயலாக இப்படிப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்கு. பத்து லோகஸ் பார்த்ததும் வேறு ஆள் என்று தெரிந்துவிட்டது. இது உள்ளூரிலேயே நடந்தது, மொழி தெரிந்த வக்கீல் கூடவே இருந்தார். வேறு நாட்டு சிறையில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் மறுபரிசோதனை கேட்பதற்கே எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இளவேனில்

3.7 கோடியில் ஒன்று என்றால் அதுவே மிகப் பெரிய உறுதிதானே? அப்படியும் எப்படித் தப்பானது? அண்ணன் இதைத்தான் கேட்பார்.

செங்கதிர்

ஒருவரை மட்டும் சந்தேகப்பட்டு அவரோடு ஒப்பிட்டால் உறுதிதான். தரவுத்தளம் முழுக்கத் தேடும்போது கதை மாறிவிடுகிறது. 50 லட்சம் பேர் உள்ள ஒரு தளத்தில் ஒரு சம்பவ இட மாதிரியைத் தேடுகிறோம் என்று வையுங்கள். 50 லட்சத்தை 3.7 கோடியால் வகுத்தால், தற்செயலாக யாரோ ஒருவர் பொருந்த எதிர்பார்ப்பு 0.13 போல, அதாவது ஏழெட்டுத் தேடலில் ஒரு அப்பாவி. அப்படிப் பத்தாயிரம் மாதிரிகளைத் தேடினால் ஆயிரத்துக்கு மேல் வெறும் தற்செயல் பொருத்தங்கள் வரும். நாடுகளை ஒன்றோடு ஒன்று இணைப்பது இந்தப் பெருக்கலைத்தான் பெரிதாக்குகிறது. கூடுதலாக ஒவ்வொரு லோகஸும் சேரச் சேர இந்த எண் சரசரவென்று குறையும், அதனால்தான் லோகஸ் எண்ணிக்கை எங்களுக்கு உயிர். ஐரோப்பாவில் 2009-ல் பொதுவான லோகஸ் ஏழிலிருந்து பன்னிரண்டு ஆனது, அமெரிக்காவில் 2017-ல் பதின்மூன்றிலிருந்து இருபது.

பிரச்சினை என்னவென்றால் பழைய ப்ரொஃபைல்கள் பழையபடிதான் கிடக்கின்றன. பிரிட்டனின் பழைய பத்து லோகஸ் கிட்டுக்கும் அமெரிக்காவின் பழைய பதின்மூன்றுக்கும் பொதுவாக இருந்தது எட்டுதான், மீதி இருந்தும் பயனில்லை. சம்பவ இடத்தில் எடுத்தது வேறு கெட்டுப்போய் பாதி லோகஸ்கள் விழுந்திருந்தால் ஐந்தாறில் வந்து நிற்கும். ப்ரூம் முறையில் ஆறு லோகஸ் முழுதாகப் பொருந்தினாலே ஹிட், அதாவது "இருக்கிறது" என்ற பதில், காட்டும். பிரிட்டன் சேர்ந்தபோது பத்து லோகஸாவது பொருந்தாமல் ஆளின் பெயரைத் தர மாட்டோம் என்று தனக்கு ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்தவரை இதில் உருப்படியான பாதுகாப்பு அதுதான். காகிதத்தில் எழுதும் அந்தரங்க உறுதிமொழிகளைவிட நூறு மடங்கு பயனுள்ளது.

அப்புறம் ஒரு விஷயம், பொருத்தம் நூறு சதவீதம் சரியாக இருந்தும் ஆள் தவறாக இருக்கலாம். 2007-ல் ஜெர்மனியின் ஹைல்பிரோனில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று நாற்பது போல குற்ற இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் டிஎன்ஏ. கொலையிலிருந்து சில்லறைத் திருட்டு வரை எல்லாவற்றிலும் அவள். வருடக்கணக்கில் தேடினார்கள். 2009-ல் தெரிந்தது, அது பஞ்சுக் குச்சி செய்யும் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள், ஆனால் கிருமி போனால் டிஎன்ஏ போகாது. இதற்குப் பிறகுதான் 2016-ல் தடயச் சேகரிப்புப் பொருட்களுக்கென்று தனியாக ஒரு ஐஎஸ்ஓ தரமே வந்தது. மூன்று நாடுகளின் தகவலை இணைத்ததால் வந்த தவறு அல்ல இது, ஆனால் ஒவ்வொரு நாட்டின் பொருத்தமும் அடுத்த நாட்டின் நம்பிக்கையைக் கூட்டியது.

தாமரைச்செல்வி

சரி, இது எனக்குத் தெரியாது. ஆனாலும் அதற்காகப் பகிர்வதையே நிறுத்தச் சொல்ல முடியாதே. பிரிட்டன் 2015-ல் சும்மா சோதனைக்காக சுமார் 2,500 சம்பவ இட ப்ரொஃபைல்களை நான்கு நாடுகளோடு ஒப்பிட்டபோதே 118 பொருத்தங்கள் வந்தன. அதில் சில தற்செயலாகவே இருக்கட்டும், மீதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறு எந்த வழியில் பதில் கிடைத்திருக்கும்?

மதிவாணன்

நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சோதனையை நான் பகிர்வுக்கு ஆதரவான சான்றாகவே பார்க்கிறேன். எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, ஹிட் வந்தால் அதிகாரி மனிதக் கண்ணால் சரிபார்க்க வேண்டும், அதோடு அந்த மாதிரியை இன்னும் அதிக லோகஸோடு மறுபடி ஓட்டாமல் கைது வாரண்ட் போகக் கூடாது. 2024-ல் வந்த புதிய ஐரோப்பிய விதி முதல் பாதியைச் சொல்கிறது, ஆனால் உறுதியான பொருத்தத்துக்கு 48 மணி நேரத்தில் அடிப்படை விவரம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேகம் நல்லதுதான், அந்த 48 மணி நேரம் மறுபரிசோதனையை விழுங்கிவிடக் கூடாது.

இரண்டு, அண்ணன் சொல்லும் "ஒரே இடத்தில் கொட்டி வைப்பது". ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-ல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் டிஎன்ஏவைக் கால எல்லை இல்லாமல் வைத்திருப்பது மனித உரிமை மீறல் என்று. அந்த வழக்கில் கைதானபோது ஒருவருக்கு வயது பதினொன்று. விடுதலையானவரின் தகவலைச் சொந்த நாடு அழிக்கும் என்று வைப்போம், வேறு நாட்டில் பிரதி போய்விட்டால் அதை யார் அழிப்பது? தேடு, பதில் சொல், பிரதி வைக்காதே என்ற முறையில் அந்தக் கேள்வியே எழாது. ஒரே குவியலாகக் கொட்டி வைத்தால் ஒவ்வொரு நாட்டின் வழக்குகளிலும் அது எழும், இளவேனில், உங்கள் அண்ணனிடம் முதலில் இதைக் கேளுங்கள்.