சிலி 1988: 'வேண்டாம்' ஓட்டைக் காப்பாற்றியது எப்படி?

சிலியின் ராணுவ சர்வாதிகாரி பினோசே பதவியில் தொடரலாமா என்று 1988-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தொடரலாம் என்பவர்கள் 'சரி' என்றும், கூடாது என்பவர்கள் 'வேண்டாம்' என்றும் ஓட்டுப் போட வேண்டும். அவர் ஆட்சி ஓட்டால் முடிந்தது என்றதும் பலரும் 'வேண்டாம்' தரப்பின் டிவி பிரசாரத்தைத்தான் சொல்கிறார்கள். 27 நாள், இரவில் தரப்புக்கு 15 நிமிடம். மக்களின் பயத்தை அது தெளிய வைத்தது உண்மைதான். ஆனால் ஓட்டை வாங்கினால் போதுமா? புதிய அரசியலமைப்புக்காக நடந்த 1980 வாக்கெடுப்பில் வாக்காளர் பட்டியலே கிடையாது. பழைய பட்டியலை ராணுவ ஆட்சி 1974-இல் எரித்திருந்தது. ஒருவர் எத்தனை முறை போட்டார் என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை. அதனால் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1987 பிப்ரவரியில் பதிவு திறந்தது. 'பேரைச் சேர்ப்பதே சர்வாதிகாரத்தை ஏற்பதாகும்' என்று எதிரணியிலேயே ஒரு பகுதி தயங்கி, பல மாதங்கள் வீணாயின. கடைசியில் சேர்ந்தவர்கள் சுமார் 74 லட்சம் பேர்.

---

பட்டியலோடு பூத் ஏஜென்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நண்பரே. பதிவு பெற்ற கட்சிக்குத்தான் ஏஜென்ட் வைக்கும் உரிமை. மார்க்சியக் கட்சிகளுக்கோ தடை. அதற்காகவே எதிரணியின் சோசலிஸ்ட் தலைவர் ரிக்கார்டோ லாகோஸ் முதலானோர் 'ஜனநாயகத்துக்கான கட்சி'யைத் தொடங்கினார்கள். பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வேண்டும். கையெழுத்திட்டவர் பெயர் அரசின் கைக்குப் போய்விடும். அந்த நாளில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

---

எண்ணிக்கை பற்றி நான் சொல்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மேசைகள், மொத்தம் சுமார் 22,000. ஓட்டுகளை அந்தந்த மேசையிலேயே, எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும். அங்கேயே ஏஜென்ட் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு எதிரணியின் சொந்தக் கணக்கு மையத்துக்கு அனுப்பிவிடுவார். பெட்டி வேறு இடத்துக்குப் போய் எண்ணப்பட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

அக்டோபர் 5 மாலை ஏழரை மணிக்கு அரசு வெறும் 79 மேசைகளின் கணக்கைச் சொல்லி, 'சரி' முந்துகிறது என்றது. பிறகு நேரத்தை இழுத்தடித்தது. எதிரணியிடம் சொந்தக் கணக்கு இருந்ததால் அந்த அறிவிப்பு எடுபடவில்லை. 'சரி' தரப்பின் வலதுசாரித் தலைவர் ஹார்ப்பாவே டிவியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். நள்ளிரவு தாண்டி மொனேடா எனும் அதிபர் மாளிகைக்குள் நுழையும்போது, 'வேண்டாம்' ஜெயித்துவிட்டது என்று விமானப்படைத் தளபதி மாத்தேய் நிருபர்களிடம் சொன்னார். ஏறத்தாழ 56-க்கு 44 சதவீதம். பினோசே கூடுதல் அதிகாரம் கேட்டார். மற்றத் தளபதிகள் மறுத்துவிட்டார்கள்.

---

ஒன்று விட்டுப்போனது. முடிவு வரும்வரை யாரும் தெருவுக்கு வராதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று எதிரணி முன்கூட்டியே கேட்டுக்கொண்டது. ஒரு கல் பறந்திருந்தாலும் ராணுவத்தை இறக்க அதுவே சாக்காகியிருக்கும். கொண்டாட்டம் மறுநாள்தான்.