பாட்டி வீட்டுக் கூட்டம்: கார்த்தி பரீட்சை விவகாரம்

கலா: கார்த்தி ஏதோ ஏடபிள்யூஎஸ்னு, அமேசானோட கிளவுட் கம்ப்யூட்டர் பரீட்சையாம், எழுதணும்கிறான். பாஸ் பண்ணா வேலை நிச்சயமாம். இன்னிக்கு ராத்திரிக்குள்ள பணம் கட்டணுமாம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கார்த்தி: அம்மா நிச்சயம்னு நான் சொல்லவே இல்ல

கார்த்தி: இதை ஏன் குரூப்ல போட்டே

ராமு: நல்ல விஷயம்தானே. எழுதட்டும்

ரேவதி: எது? சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டா

கார்த்தி: ஆமாக்கா

பிரபு: எல்லாரும் உக்காந்துக்கோங்க. சித்தப்பா டைப் பண்றார்

சுந்தர்: கலா, பொறுமையா படி. அந்தத் தேர்வுல 65 கேள்வி, 130 நிமிஷம். 1000-க்கு 720 வாங்கினா பாஸ். 65-ல 15 கேள்விக்கு மார்க்கே கிடையாது, பின்னாடி உபயோகிக்கலாமான்னு வெள்ளோட்டம் விடறாங்க, எந்த 15னு எழுதறவனுக்குச் சொல்ல மாட்டாங்க. சர்டிபிகேட் 3 வருஷம்தான் செல்லும். இதெல்லாம் சரி. ஆனா அந்த 130 நிமிஷமும் கொடுத்த விடையில சரியானதை டிக் பண்றதுதான் வேலை. ஒரு வரி கோட் எழுத வேண்டாம். இதை வச்சு ஒருத்தனுக்கு வேலை தெரியும்னு எப்படிச் சொல்றது?

ராமு: ஒரு வரி கூடவா

சுந்தர்: ஒரு எழுத்து கூட

பிரபு: டிரைவிங் லைசன்ஸுக்கே வண்டியை ஓட்டிக் காட்டணும்

கலா: ஓட்டிக் காட்டி லைசன்ஸ் வாங்கி மறுநாளே கேட்டை இடிச்சவர் இந்தக் குரூப்லதான் இருக்கார்

சுந்தர்: பிரேக் பிடிக்கலன்னு எத்தனை வருஷம் சொல்றது

ராமு: பிடிச்சுதே. அன்னிக்கு சாயந்திரம் நான்தானே ஓட்டினேன்

ரேவதி: 😂 நான் ஆள் எடுக்கறவ, சொல்றேன். நூறு ரெஸ்யூமே வந்தா ஹெச்ஆர் வடிகட்டறப்போ சர்டிபிகேட் உதவும். என் முன்னாடி வந்து உக்காந்ததுக்கு அப்புறம் அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல

கார்த்தி: அப்போ எழுதலாம்ல

ரேவதி: எழுது. டம்ப் படிச்சு எழுதாத

கலா: டம்ப்னா

கார்த்தி: ஒண்ணுமில்லம்மா

பிரபு: மாட்டினான்

ரேவதி: பரீட்சையில வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமா எடுத்து நெட்ல விக்கறாங்க அத்தை. மனப்பாடம் பண்ணிட்டுப் போறது. பிடிபட்டா சர்டிபிகேட்டே ரத்து. போன மாசம் ஒருத்தர், மூணு சர்டிபிகேட். எஸ்3 பக்கெட்ல, அதான் அமேசானோட ஆன்லைன் சேமிப்பு இடத்துல, ஃபைல் போடறீங்க, ஆக்சஸ் டினைடு, அனுமதி இல்லன்னு வருது, எங்க பார்ப்பீங்கன்னு கேட்டேன். "ஆப்ஷன்ஸ் சொல்லுங்க மேடம்"ங்கறார்

பிரபு: 😂😂

கலா: பாவம்

ரேவதி: கார்த்தி நீ சொல்லு

கார்த்தி: எந்த யூசருக்கு என்ன அனுமதின்னு சொல்ற ஐஏஎம் பாலிசி, அந்தப் பக்கெட்டுக்குன்னு இருக்கிற பக்கெட் பாலிசி ரெண்டும் பார்க்கணும்

ரேவதி: அதுக்கும் முன்னாடி?

கார்த்தி: முதல்ல நான் எந்த யூசரா உள்ள இருக்கேன்னு

ரேவதி: ம். பரவால்ல

கலா: சரியா சொன்னானா

கலா: அம்மாவோட கண்ணாடி யார் வீட்ல இருக்கு? காலைலேர்ந்து தேடறாங்க

ராமு: இங்க இல்ல

சுந்தர்: இன்னொண்ணும் சொல்லிடறேன். ஜாவா பரீட்சைக்குப் படிக்கிறவன் எல்லாரும் உருப்போடற கேள்வி: முழு எண் வைக்கிற இன்டீஜர் பொருள் ரெண்டுல 127 வச்சு, சமமான்னு கேட்கிற == போட்டா சமம்னு வரும். 128 வச்சா சமம் இல்லன்னு வரும். -128லேர்ந்து 127 வரைக்கும் ஜாவா முன்கூட்டியே செஞ்சு வச்ச பொருளையே எடுத்துக் கொடுக்கும். அதைத் தாண்டினா பொதுவா தனித்தனியா செய்யும். == மதிப்பைப் பார்க்காது, ரெண்டும் ஒரே பொருளான்னுதான் பார்க்கும். இது தெரிஞ்சவன் நல்ல புரோகிராமரா? புதிர் தெரிஞ்சவன். அவ்வளவுதான்

ராமு: எனக்கு 127 வரைக்கும் புரிஞ்சுது

பிரபு: சித்தப்பா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். எங்க டீம்ல இதே தப்பு நடந்துச்சு. டெஸ்ட்ல ஆர்டர் நம்பர் 1, 2, 3னு பத்து பதினஞ்சோட நிறுத்திட்டோம், எல்லாம் பச்சை. வெளிய விட்டதும் 128-வது ஆர்டர்லேர்ந்து "ஆர்டர் இல்லை"ன்னு வந்துச்சு. நாலு பேர் ரெண்டு நாள் டேட்டாபேஸைக் குடைஞ்சோம். சர்டிபிகேட்டுக்குப் படிச்சுட்டிருந்த பொண்ணு ஒருத்தி எட்டிப் பார்த்துட்டு, "இது 127 வரைக்கும் ஓடியிருக்குமே"ன்னா

சுந்தர்: அவளுக்குத் தேடத் தெரிஞ்சிருக்கு

பிரபு: எங்களுக்கும் தேடத் தெரியும். ரெண்டு நாள் தேடினோம்ல

ராமு: சுந்தர், பிரபு ரெஸ்யூமேயை உனக்கு அனுப்பினப்போ சர்டிபிகேட் இல்லன்னுதானே திருப்பி அனுப்பினே?

பிரபு: அப்பா

சுந்தர்: அண்ணா அது கம்பெனி விதி. நான் வச்சதில்ல

ராமு: சரி சரி. ஞாபகம் வந்துச்சு, கேட்டேன்

சுந்தர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா: என்ன அழிச்சே

சுந்தர்: ஸ்பெல்லிங் தப்பு

ரேவதி: எல்லா பரீட்சையும் டிக் அடிக்கறது இல்ல சித்தப்பா. நிறைய சர்வர்ல புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கிற கூபர்நெட்டீஸ்னு ஒரு மென்பொருள், அதுல சிகேஏன்னு ஒரு பரீட்சை இருக்கு. 2 மணி நேரம், நிஜ கமாண்ட் லைன். அதுலயே வேலையைச் செஞ்சு முடிக்கணும். ஆவணத்தைத் திறந்து வச்சுக்கிட்டே எழுதலாம், இருந்தும் ஃபெயில் ஆறாங்க. லினக்ஸ் கம்பெனி ரெட் ஹேட் நடத்தற பரீட்சையும் செஞ்சு காட்டறதுதான். அதை வாங்கிட்டு வர்றவங்களை நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் பார்ப்பேன்

சுந்தர்: நல்லதாச்சு, ஆராய்ச்சியே இருக்கு. எதை வச்சு ஆள் எடுத்தா பின்னாடி வேலையோட ஒத்துப்போகுதுன்னு 1998-ல ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. 0னா சம்பந்தமே இல்ல, 1னா முழுசா ஒத்துப்போகுது. வேலையைச் செஞ்சு காட்டற தேர்வுக்கு 0.54, அதுதான் முதலிடம். 2022-ல சாக்கெட் குழு திருத்திப் போட்டப்போ முறையா கேள்வி வகுத்துக் கேட்கிற நேர்காணல் 0.42, தொழிலறிவுத் தேர்வு 0.40, செஞ்சு காட்டறது 0.33

பிரபு: அப்போ உங்க கணக்குப்படியே அறிவுத் தேர்வு மேலல்ல நிக்குது

சுந்தர்: அது அந்த வேலைக்குன்னே தயாரிச்ச தேர்வுடா. பொருளை விக்கறவனே நடத்தற பரீட்சை வேற

பிரபு: ம்ம்

ரேவதி: கார்த்தி, ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டு வா. ஒரு சர்வரை வேணும்னே கெடுத்து வைக்கறேன். சரி பண்ணு. அப்புறம் எந்தப் பரீட்சைன்னு பார்க்கலாம்

கலா: அப்போ இன்னிக்குப் பணம் கட்டணுமா வேண்டாமா

ராமு: கட்டட்டும்

சுந்தர்: வேண்டாம்

ரேவதி: தேர்வுக்கு 24 மணி நேரம் முன்னாடி வரைக்கும் தேதி மாத்தலாம் அத்தை. ரெண்டு தடவை

கலா: பின்ன இன்னிக்கே கட்டணும்னு ஏண்டா சொன்னே

கலா: கார்த்தி

பிரபு: நீல டிக் வந்துடுச்சு. பதில் வரல

ராமு: கண்ணாடி கிடைச்சுதா

கலா: கிடைச்சுது. தலைமேலயே இருந்திருக்கு. இவன் ரூம்ல லைட் அணைஞ்சிருச்சு, கட்டினானா இல்லையான்னு தெரியல