370இஸட்: பின்னாடி 20, முன்னாடி 15 மி.மீ ஸ்பேசர் – நீள ஸ்டட் போடுவதா, போல்ட் ஆகிற ஸ்பேசரா?

வெலிங்டன்_வளைவு:
வணக்கம். வண்டி நிஸான் 370இஸட். கம்பெனி 19 இன்ச் வீல்தான்: முன்னாடி 9 இன்ச் அகலம், ஆஃப்செட் 47 (வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற முகம் எத்தனை மி.மீ வெளிப்பக்கம் இருக்குங்கிற அளவு), பின்னாடி 10 இன்ச், ஆஃப்செட் 30. டயர் 245/40, 275/35. வீல் மட்கார்டுக்கு ரொம்ப உள்ளே நிற்குது. முன்னாடி 15, பின்னாடி 20 மி.மீ ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள, வீலுக்குப் பின்னாடி வைக்கிற தட்டு) போடலாம்னு யோசனை. ஓட்டம் முக்கால்வாசி குன்னூர் – மேட்டுப்பாளையம், கோத்தகிரி ரோடு. எப்பவாவது கல்லட்டி மலைப்பாதை.

1. ஸ்பேசருக்கே தனி ஸ்டட் (வீல் நட் ஏறுற மரைத்தண்டு) இருக்கிற வகை நல்லதா, வெறும் தட்டு ஸ்பேசரும் நீள ஸ்டட்டும் நல்லதா?
2. ஹப்பைக் (வீல் மாட்டுற, சுழலுற நடுப்பகுதி) கழற்றாமலே ஸ்டட் மாற்ற முடியுமா?
3. மலை இறக்கத்துல பிரேக் டிஸ்க் சூடாகும்போது நட் லூஸாகுமா?

மரைக்கணக்கு:
ஒண்ணை முதல்ல மனசுல வைங்க. வீலைத் தாங்குறது ஸ்டட்டோட தடிமன் இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு இழுபடுது, அந்த இழுவிசை வீலையும் ஸ்பேசரையும் டிஸ்க்கையும் ஹப்போட சேர்த்து நெரிக்குது. அந்தப் பிடிதான் பாரத்தைச் சுமக்குது. பிடி தளர்ந்தா வீல் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகரும், ஸ்டட் முன்னும் பின்னும் வளைஞ்சு வளைஞ்சு ஒடியும். ஸ்பேசர் போட்ட வண்டியில ஸ்டட் ஒடிஞ்சதுன்னா பெரும்பாலும் காரணம் இதுதான்.

இப்ப கணக்கு. உங்க வண்டிக்கு ஸ்டட் 12 மி.மீ, மரை இடைவெளி 1.25. நட்டுக்குள்ள குறைஞ்சது ஸ்டட்டோட விட்டம் அளவுக்கு மரை ஏறணும். அதாவது 12 மி.மீ, விரலால ஏற்றினா பத்து சுற்று. இருக்கிற ஸ்டட்ல 15 மி.மீ தட்டை வெச்சா இந்தக் கணக்கு எந்த வகையிலும் வராது. அதனால தட்டு ஸ்பேசர்னா நீள ஸ்டட் கட்டாயம். 15க்கு 15 மி.மீ கூடுதல், 20க்கு 20 மி.மீ கூடுதல். ஒரு விஷயம் கவனிங்க: ரேஸ் வகை ஸ்டட்டுக்கு நுனி கூம்பா, மரை இல்லாம இருக்கும். அந்த நீளத்தைக் கணக்குல சேர்க்காதீங்க.

தனி ஸ்டட் உள்ள ஸ்பேசர்ல உங்களுக்கு வேற சிக்கல். 15, 20 மி.மீ கனத்துல பழைய ஸ்டட்டோட நுனி ஸ்பேசர் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டும். வீலோட பின்முகத்துல ஸ்டட் ஓட்டைகளுக்கு நடுவே பள்ளம் இருந்தா தப்பிக்கலாம். இல்லைன்னா வீல் ஸ்பேசர் மேல உட்காராம ஸ்டட் நுனிகள் மேல உட்காரும். ஸ்பேசரை மாட்டிட்டு ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வெச்சு எவ்வளவு நீட்டுதுன்னு பாருங்க, அந்தப் பள்ளத்தோட ஆழத்தையும் அளந்துக்கோங்க. அந்த வகைக்கு 25 மி.மீக்கு மேலதான் நிம்மதி. உள்ளே இருக்கிற நட்டை இறுக்கம் பார்க்கணும்னா வீலைக் கழற்றியே ஆகணும், அதுவும் ஒரு குறை. என் ஓட்டு நீள ஸ்டட்டுக்குத்தான்.

ஸ்பேசர் வாங்கும்போது: 6061-டி6 அலுமினியம், நடு ஓட்டை 66.1 மி.மீ, வீல் பக்கமும் அதே 66.1 மி.மீ உதடு (வீலோட நடு ஓட்டை சரியா உட்கார நீட்டியிருக்கிற வளையம்). 3, 5 மி.மீ தட்டுல வீலுக்கு ஹப்போட சொந்த உதடே கொஞ்சம் மிச்சமிருக்கும். 12 மி.மீக்கு மேல ஸ்பேசருக்கே உதடு கடைஞ்சிருப்பாங்க. நடுவுல 7, 8, 10 மி.மீதான் ரெண்டும்கெட்டான். ஹப் உதடும் மறைஞ்சிடும், ஸ்பேசருக்கும் உதடு இருக்காது. 10ஐயும் 10ஐயும் அடுக்கி 20 ஆக்குற வேலை வேண்டவே வேண்டாம்.

லேத்பட்டறை:
ரெண்டாவது கேள்விக்கு. பல வண்டிகள்ல ஹப்பைக் கழற்றாமலே ஆகும். ஆனா சுத்தியலால அடிச்சு ஸ்டட்டை வெளியே தள்ளாதீங்க. அந்த அடி நேரா பேரிங் குண்டுகளுக்குப் போகும், பாதையில குழி விழும். அன்னிக்குத் தெரியாது, சில ஆயிரம் கி.மீ கழிச்சு "உம்"ன்னு சத்தம் வரும். பால் ஜாயின்ட் தள்ளுற பிரஸ் இருந்தா அதை வெச்சுத் தள்ளுங்க.

வண்டியை ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. பிரேக் காலிப்பரைக் கழற்றி கம்பியால கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல பாரம் விழக் கூடாது. பின்னாடி ஹேண்ட்பிரேக்கை இறக்கியிருக்கணும், அதோட ஷூ டிஸ்க்குக்குள்ளேதான் இருக்கு. ஈரக் காத்துல டிஸ்க் ஹப்போட துரு பிடிச்சு ஒட்டியிருந்தா, டிஸ்க் முகத்துல இருக்கிற மரை ஓட்டையில போல்ட்டை மாறி மாறி முறுக்கினா தானா கழண்டு வரும். அப்புறம் ஹப்பைச் சுற்றிப் பாருங்க. ஸ்டட் தலை வெளியே வர இடைவெளி ஒரு இடத்துலதான் கிடைக்கும். தூசித் தகடு தடுத்தா லேசா மடக்கிக்கலாம். இடமே இல்லைன்னா ஹப்பைக் கழற்றுறதுதான் வழி, ஸ்டட்டோட தலையைத் தேய்ச்சு உள்ளே நுழைக்காதீங்க.

புது ஸ்டட் வாங்குறதுக்கு முன்னாடி பழசு ஒண்ணைத் தள்ளி எடுத்து, கழுத்துல வரி வரியா இருக்கிற பகுதியை வெர்னியர்ல அளங்க. மரை அளவு பொருந்தினா போதும்னு நிறைய பேர் விட்டுடறாங்க. வரிப் பகுதி சின்னதா இருந்தா நட்டோட சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும். பெருசா இருந்தா ஹப் முகம் விரியும், வெடிக்கவும் செய்யும்.

இழுத்து உட்கார வைக்க நாலஞ்சு தடி வாஷர், நடுவுல துளி கிரீஸ், ஒரு பழைய திறந்த நட்டோட தட்டைப் பக்கம். கைராட்செட் மட்டும், ஏர் கன் வேண்டாம். ஒரே சீரான இறுக்கமா வந்துகிட்டே இருக்கும், திடீர்னு கல் மாதிரி நிற்கும். தலை உட்கார்ந்திருச்சுன்னு அர்த்தம். அப்பவும் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க, தலைக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையக் கூடாது. நுழைஞ்சா, ஓடும்போது தலை மிச்ச தூரத்தை உள்ளே வரும், நட் அந்த அளவுக்கு லூஸாகும். இழுக்கப் பயன்படுத்தின நட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

வெலிங்டன்_வளைவு:
ரொம்ப நன்றிங்க. கம்பெனியில வந்த மூடின நட் நல்லா இருக்கு. நீள ஸ்டட்டுக்கு அதையே போட்டுக்கலாமா?

மரைக்கணக்கு:
அளக்காம போடாதீங்க, ஆபத்தே அங்கதான். ஸ்டட் தேவைக்கு 3 மி.மீ நீண்டாலும் அதோட நுனி நட்டின் மூடியில போய் முட்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) 108 நியூட்டன் மீட்டர்ல "கிளிக்"னு சொல்லும், ஆனா நட்டோட கூம்பு வீலைத் தொட்டிருக்காது, இல்லைன்னா லேசாத்தான் தொட்டிருக்கும். இறுகினது ஸ்டட்டுக்கும் மூடிக்கும் நடுவுல, வீல் சும்மா நிற்குது. திறந்த நட் வாங்குங்க: 12க்கு 1.25 மரை, 60 டிகிரி கூம்பு. ஸ்டட் வெளியே எட்டிப் பார்க்குறது கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்துல மரை துருப்பிடிக்கும்தான். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கம்பி பிரஷ் போட்டாப் போதும், எண்ணெய் தடவாதீங்க. மரையில வழவழப்பு இருந்தா அதே 108க்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

கோத்தகிரி_ஏற்றம்:
மலைக்காரங்களுக்கான விஷயம் ரெண்டு மூணு சொல்றேன். பின்னாடி 20 சரி, ஆஃப்செட் 10 ஆகும். முன்னாடி 15 மறுபடியும் யோசிங்க. டயர் நடுக்கோடு வெளியே போகப் போக, தார் விளிம்பு உடைஞ்ச இடத்துல ஸ்டீயரிங் கையை இழுக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். பின்னாடி மட்டும் போட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க.

உரசுதான்னு சமதளத்துல பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கல்லட்டியில 36 கொண்டை ஊசி. அங்க ஸ்டீயரிங் முழுசா ஒடிஞ்சிருக்கும்போதே வெளிப்பக்க ஸ்பிரிங்கும் அமுங்கும். வீட்டுலயே, ஸ்பிரிங் போட்டபடி, கீழ் ஆர்முக்கு அடியில ஜாக்கி வெச்சு ஸ்டாண்ட்ல இருந்து வண்டி எழப் போற வரைக்கும் தூக்கி, மட்கார்டு உதட்டுல சாக்பீஸ் பூசி, வீலைச் சுற்றிப் பாருங்க. டயர்ல வெள்ளை ஒட்டினா ரோட்டுல கிழிக்கும்.

சூடு பற்றி: இறக்கத்துல டிஸ்க் காய்ஞ்சதும் பெயின்ட், துரு, பவுடர் கோட்டிங் எல்லாம் முகங்களுக்கு நடுவே நசுங்கும். அது நசுங்கின அளவு பிடி போகும். அதனால ஹப், டிஸ்க், ஸ்பேசர், வீல் எல்லாத்தோட ஒட்டும் முகமும் வெறும் உலோகமா இருக்கணும். ஒட்டாம இருக்க ஹப் உதட்டுல மட்டும் மெல்லிசா காப்பர் பேஸ்ட் தடவலாம். வீல் தரையைத் தொடாதப்ப நட்சத்திர வரிசையில 50, தரையில இறக்கினதும் 108 நியூட்டன் மீட்டர். ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினா ஏறக்குறைய நூறு கி.மீ. அதுக்கப்புறம் மறுபடி பாருங்க, ஆனா வந்து நிறுத்தின உடனே வேண்டாம், ராத்திரி ஆறவிட்டு காலையில பாருங்க. பஞ்சர் கடையில ஏர் கன் எடுத்தா கையால இறுக்கச் சொல்லிட்டு, 108ஐ உங்க ரெஞ்சாலயே வைங்க.

இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல சொல்லிடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 மாற்றங்களைப் பற்றிப் பேசுது, டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினா செக் போஸ்ட்ல முதல்ல கண்ணுல படுறதும் அதுதான்.

வெலிங்டன்_வளைவு:
சரிங்க, முன்னாடி இப்போதைக்கு விட்டுடறேன். பின்னாடிக்கு மட்டும் 20 மி.மீ தட்டு ரெண்டு, நீள ஸ்டட் பத்து, திறந்த நட் பத்து. ஸ்டெப்னி வீல் மாட்ட வேண்டி வந்தா?

லேத்பட்டறை:
பின்னாடி மாட்டும்போது ஸ்பேசரை எடுத்துடுங்க, திறந்த நட்டையே போடுங்க. ஆனா ஸ்டட்ல அடி வரைக்கும் மரை இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க. சில நீள ஸ்டட்டுக்கு அடியில மரையில்லாத வெறும் தண்டு இருக்கும். ஸ்பேசர் இல்லாதப்ப நட் அங்க வந்து நின்னுடும், வீல் ஆடும். அப்படிப்பட்ட ஸ்டட் கையில வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க.